மாணவரும் மாநகரமும்

(ஜாம்ஷெட்பூரில் நம் சங்க ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரை)



உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் நகரச் சுற்றுலாக்களையும் இசைப் பயணங்களையும் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் இவ்வூரில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இசையில் எனக்குள்ளது கேள்வி ஞானமே. ஆயினும், 1980களில் நம் சங்கம் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்ற காலத்தில், பெயர்ப்பட்டியலும் பணப்பையும் என் கையில் இருந்தன. அந்த உரிமை ஒன்றைக் கொண்டே இம்மேடையில் நிற்கிறேன்.

சுற்றுலா என்றதும் நம் நினைவுக்கு வருவன புளியஞ்சோற்று மூட்டையும், ரயில் பெட்டியில் அந்தாட்சரியும், திரும்பி வந்தபின் எழுதும் இரண்டு பக்கக் கட்டுரையுமே ஆகும். அவையும் வேண்டுவனவே, நான் குறை கூறவில்லை. ஆனால் நம் ஊர் பட்டிக்காடன்று. மருத்துவமனையும் பூங்காவும் விளையாட்டரங்கும் இங்கு உண்டு. அப்படியிருக்க, 250 கிலோமீட்டர் கடந்து பிள்ளைகளை ஏன் மாநகரத்துக்கு இட்டுச் செல்ல வேண்டும் என்று அந்நாளில் பெற்றோர் பலர் என்னை வினவினர். அவ்வினாவுக்கு விடையை நான் ஹௌராப் பாலத்தின்மேல் நின்றபோதே கண்டேன்.

1986ஆம் ஆண்டு ஜனவரியில் முப்பத்திரண்டு மாணவர்களுடன் விடியற்காலை ரயிலில் புறப்பட்டோம். ஹௌரா நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் கண்ணெதிரே நிற்பது அப்பாலம். ஹூக்ளி ஆற்றின் நடுவே அதற்குத் தூண் கிடையாது. இரு கரைகளிலிருந்தும் 468 அடி நீளமுள்ள இரண்டு கரங்கள் ஆற்றின்மேல் நீண்டு வருகின்றன; அவற்றின் நுனிகளுக்கிடையே 564 அடி நீளமுள்ள நடுப்பகுதி தொங்குகிறது. ஆக 1500 அடி. திருகாணியும் மரையும் இன்றி, ரிவெட்டுகள் அடித்தே முழுவதும் இணைக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இத்தனையும் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியவைதாம். பிள்ளைகள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அதன்பின் ஒரு செய்தி சொன்னேன். அப்பாலத்துக்குத் தேவைப்பட்ட எஃகு ஏறத்தாழ 26,500 டன். இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஃகின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரினால் வர இயலாது போயிற்று. ஆகவே 23,000 டன் எஃகை டாட்டா ஆலை வார்த்துக் கொடுத்தது. அதாவது, நம் ஊர் கொடுத்தது.

கூட்டத்தில் ஒரு சிறுவன் இருந்தான். தந்தையின் தொழில் யாது என்று கேட்கும் படிவங்களில், 'உத்தியோகம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடும் பழக்கம் அவனுக்கு. பொறியாளர் பிள்ளைகளிடையே, ரோலிங் மில் தொழிலாளியின் மகன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்குக் கூச்சம். அவன் என் அருகே வந்து, "சார், எங்க தாத்தா அந்த வருஷங்கள்ல மில்லிலேதான் இருந்தார். அவர் கை பட்ட தகடு இதிலே இருக்குமா?" என்று கேட்டான். "எது என்று காட்ட முடியாதப்பா. ஆனால் இல்லை என்று சொல்லவும் எவராலும் முடியாது," என்றேன். அவன் வெற்றிலைச் சாற்றுக் கறை படாத இடமாகத் தேடிப் பார்த்து, அந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றான். பின்னாலிருந்து மூட்டை சுமப்போர் நகரச் சொல்லிக் கூவினார்கள். அவன் நகரவில்லை.

பெரியோர்களே! தம் வீட்டில் உள்ளதன் பெருமை வீட்டிலிருந்தே தெரிவது அரிது. அதைத் தெரிந்துகொள்ளச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. மாநகரப் பயணத்தின் பயன் இதுவே என்பது என் துணிபு. இசைக்கும் இது பொருந்தும்.

அன்று பகலில் 1814ஆம் ஆண்டு தோன்றிய இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் தூபியின் சிற்ப வேலிகளைக் கண்டோம். பின்னர், லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைப் பகிர்ந்துகொண்டு, உணவளித்து, பாய் விரித்து உறங்க வைத்தன. ஏனெனில் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். டோவர் லேன் இசை மாநாடு 1952ஆம் ஆண்டு தொடங்கியது. ஜனவரிக் குளிரில் விடிய விடிய நடப்பது.

நள்ளிரவுக்குப் பின் சரோத் வாசிப்பு. சரோத்துக்கு மெட்டுகள் இல்லை. வழவழப்பான எஃகுத் தகடே அதன் விரற்பலகை. எஃகுத் தந்திகளை இடக்கை நகத்தால் அழுத்தி, வலக்கையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் மீட்டுகிறார்கள். தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும் என்று ஆண்டுதோறும் கற்பித்தவன் நான். ஆனால் ஒரு நகம் அத்தகட்டின்மேல் வழுக்கிச் சென்று ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கற்பித்ததை அன்றுதான் கேட்டேன்.

ராகம் மால்கௌன்ஸ் என்று அறிவித்தார்கள். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாதது. ஆதலால் தம்பூராவின் முதல் தந்தியைப் பஞ்சமத்துக்குப் பதிலாக மத்தியமத்தில் சேர்த்திருந்தனர். சில நிமிடங்களில் என் பக்கத்திலிருந்த மாணவி என் கையைத் தொட்டு, "சார், இது நம்ம ஹிந்தோளம்!" என்று மெல்லச் சொன்னாள். அச்செய்தி எங்கள் வரிசை முழுவதும் காதோடு காதாகப் பரவிற்று. பாட்டி பாடும் ராகமும், வேற்று மொழி பேசும் வித்துவான் வாசிக்கும் ராகமும் ஒன்றே என்னும் உண்மையை, ஒரு பிள்ளை நூலில் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, தானே கண்டுபிடிப்பது வேறு.

ஆனால் அதே மாணவி அடுத்து ஒன்று சொன்னாள்: "அவ வந்திருந்தா முதல் பிடியிலேயே கண்டுபிடிச்சிருப்பா, சார்."

'அவ' என்றது வராத ஒருத்தியை. நம் சங்கப் பாட்டு வகுப்பில் அவளே முதல்வி. தாய்க்குக் காய்ச்சல் என்று கூறிப் பயணத்திலிருந்து விலகிக்கொண்டாள். நானும் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டேன். ஊர் திரும்பியபின்தான் தெரிந்தது, தாய்க்குக் காய்ச்சலில்லை. பயணக் கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். அம்மாதம் அவ்வீட்டில் அது இல்லை. நான் வகுப்பின் நடுவே நின்று, கட்டணம் கொடுக்காதவர் பெயர்களை மும்முறை உரக்கப் படித்திருந்தேன். மூன்றாம் முறை அவள் பெயர் ஒன்றே மிஞ்சியிருந்தது. அன்று மாலைதான் தாய்க்குக் காய்ச்சல் வந்தது.

அவையோரே! அக்குற்றம் என்னுடையது. வேறு எவருடையதும் அன்று. மறு ஆண்டிலிருந்து முறையை மாற்றினோம். எல்லா வீடுகளுக்கும் ஒரே வகை உறை கொடுக்கப்பட்டது. இயன்றதை இட்டு, இயலாவிடின் வெறுமையாகவே ஒட்டி, பெயரெழுதாமல் பெட்டியில் போட வேண்டும். குறைவதைச் சங்கம் நிரப்பும். நண்பர்கள் சிலர், "எல்லாரும் வெற்றுறையே போடுவார்கள்," என்று எச்சரித்தனர். அவ்வாறு நடக்கவில்லை. முதலாண்டில் தேவைக்கு மேல் நூற்றுப் பத்து ரூபாய் சேர்ந்தது.

அவ்வாண்டு அவளும் வந்தாள். இரவெல்லாம் இமை கொட்டாது கேட்டாள். ஆனால் அன்று எவரும் மால்கௌன்ஸ் வாசிக்கவில்லை. அவள் இழந்த இரவை என்னால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

பின்னர் இப்பயணங்கள் நின்றுபோயின. காரணங்கள் நாம் அறிந்தவை. ஒன்பதாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வுப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளுக்குச் சொந்தமில்லை. இசையெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பாரும் உளர். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் பிடிக்காத இடத்தைத் தள்ளிவிடலாம். மண்டபத்தில் அது இயலாது. ஒருவர் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் மெல்லமெல்லக் கட்டுவதைப் பொறுத்திருந்து கேட்கும் பழக்கம் பௌதிகம் படிப்பவனுக்கும் வேண்டும். அது எந்தப் பயிற்சி நிலையத்திலும் விற்பனைக்கில்லை.

மீண்டும் தொடங்குவதாயின், பட்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். பயணத்துக்கு முன் மூன்று சனிக்கிழமைகள் பிள்ளைகளை இம்மண்டபத்தில் அமர்த்தி, கேட்கப்போவதைச் சிறிது கேட்கச் செய்யுங்கள். ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் காட்டாதீர்கள். ஐந்து இடம் கண்ட பிள்ளை ஒன்றையும் காண்பதில்லை. பகலில் உறங்க வையுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும். தாய்மார்கள் நால்வரேனும் உடன் வரட்டும். அவர்கள் வந்தால்தான் பெண்பிள்ளைகளை வீட்டார் அனுப்புவர். திரும்பியவுடன் கட்டுரைப் போட்டி வைக்காதீர்கள். கண்டதும் கேட்டதும் உள்ளே தங்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பிள்ளையின் பெயரையும் பணத்துக்காகக் கூட்டத்தில் படிக்காதீர்கள்.

வரும் ஜனவரியிலேயே தொடங்கலாம் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். பழைய பெட்டி இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது, பூட்டுக்குத்தான் சாவியில்லை. நாளைக் காலை அதைக் கொணர்ந்து சங்கத்தில் வைத்துவிடுகிறேன். முதல் உறை என்னுடையதாக இருக்கட்டும். அதில் எவ்வளவு என்று எவரும் கேட்கக் கூடாது.