அல்லி ராஜ்யமும் நமது ஆண்பிள்ளைகளும்

(ஓர் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒருவர், "நம்முடைய படிப்பகத்தில் மாயமந்திரக் கதைகளும் காதல் கதைகளும் எதற்காக? பெண்பிள்ளைகள் இங்கு வந்தால் அவைகளைத்தானே தேடி எடுத்துக்கொண்டு போகிறார்கள்? பகுத்தறிவு பேசுகிற நாம் பாம்பு மனிதனாகிற கதைகளை அலமாரியில் அடுக்கி வைக்கலாமா?" என்று கேட்டார். அவருடைய கவலை யோக்கியமான கவலைதான். ஆனால் அவர் கண்ட முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதற்குரிய காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன். அவைகளை உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாத கதை ஒன்றை எடுத்துக்கொண்டு பேசினால், நான் சொல்வது மெய்யா பொய்யா என்று நீங்கள் சோதித்துப் பார்க்க முடியாது. ஆதலால் உங்கள் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த அல்லியரசாணி கதையையே எடுத்துக்கொள்ளுகிறேன்.

அல்லி யார்?

வியாச பாரதத்தில் அல்லி என்கிற பேரே கிடையாது. அருச்சுனன் தீர்த்த யாத்திரை போன இடத்தில் சித்திராங்கதை என்பவளை மணந்தான் என்று மட்டும் அதில் இருக்கிறது. அல்லியோ நம் நாட்டு ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக் கொண்ட பெண். 'அல்லியரசாணி மாலை' என்று பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டுச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றார்கள். புகழேந்திப் புலவர் பாடியதென்று அட்டையில் போட்டார்கள். நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லையென்பது ஆராய்ந்தவர்கள் முடிவு. யார் பாடினால் என்ன? எழுத்துத் தெரிந்த ஒருத்தி ராகம் போட்டு வாசிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட புத்தகம் அது. சங்கரதாஸ் சுவாமிகள் அல்லியை நாடக மேடையில் ஏற்றினார். அல்லி கதையின் தொடர்ச்சியாகிய பவளக்கொடி கதை 1934-ல் சினிமாவாக வந்தது; தியாகராஜ பாகவதர் முதன்முதலில் நடித்த படம் அதுதான்.

கதை பலவிதமாக வழங்கி வந்தாலும் சாரம் ஒன்றே. பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லிப் பூவில் ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது. அந்தப் பெண் கல்வி கற்கிறாள். வாள் வித்தையும் வில் வித்தையும் பழகுகிறாள். நீன்முகன் என்கிறவன் வஞ்சனையாய்ப் பறித்துக்கொண்ட ராஜ்யத்தை, அவனைப் போரில் கொன்று மீட்கிறாள். பிறகு மதுரையில் தானே அரசு செலுத்துகிறாள். மந்திரி பெண், சேனை பெண், காவல் பெண். கலியாணமென்றால் வேண்டாமென்கிறாள், ஆண் வாடையே ஆகாதென்கிறாள்.

இதைக் கேட்டு அருச்சுனனுக்கு ஆசை பிறக்கிறது. தைரியமாய் எதிரில் போய், "என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டானா? கேட்கவில்லை. கிருஷ்ணனைத் துணைக்குக் கூப்பிட்டான். கிருஷ்ணன் பாம்பாட்டியாக வந்தான், அருச்சுனன் பாம்பானான். பாம்பின் அழகைப் பார்த்து அல்லி அதைத் தன் படுக்கை அறைக்குக் கொண்டு போனாள். அவள் தூங்கும்போது பாம்பு மனிதனாகித் தாலியைக் கட்டிவிட்டது. விழித்துப் பார்த்த அல்லி கொதித்தெழுந்தாள். ஆனால் கடைசியில் அவளை அருச்சுனனுக்குப் பெண்டாட்டியாக்கி, புலந்திரன் என்கிற பிள்ளைக்குத் தாயுமாக்கிவிட்டுத்தான் கதை ஓய்கிறது. அந்தப் பிள்ளை பவளத்தேர் வேண்டுமென்று அழுததைச் சாக்காக வைத்துப் பவளம் தேடப் போன அருச்சுனன், போன இடத்தில் பவளக்கொடியையும் கட்டிக்கொண்டான் என்பது அடுத்த கதை.

பொய் என்று தெரிந்த பொய்

முதலில் நண்பருடைய ஆட்சேபணைக்கு வருகிறேன். பாம்பு மனிதனாகுமா என்றால் ஆகாது. இது கேட்கிற குழந்தைக்கும் தெரியும், வாசிக்கிற பாட்டிக்கும் தெரியும். பெரிய எழுத்துப் புத்தகம் விற்றவன், "இந்தப் பாம்பை நம்பாவிட்டால் நரகத்துக்குப் போவாய்" என்று சொன்னதில்லை. பாம்புக்குப் பால் வை, தட்சணை கொடு, திதி கொடு என்று கை நீட்டினதும் இல்லை. காசு கொடுத்தோம், கதை கேட்டோம், சந்தோஷப்பட்டோம், தூங்கப் போனோம்.

பொய்யைப் பொய்யென்று சொல்லி விற்பது கதை. பொய்யை மெய்யென்று சொல்லி விற்பது புரட்டு. நாம் சண்டை போடுவது இரண்டாவதோடுதானே தவிர முதலாவதோடு அல்லவே! மனிதனுக்குக் கற்பனை வேண்டாமென்று எந்தப் பகுத்தறிவு சொல்லுகிறது? இல்லாததை நினைத்துப் பார்க்கத் தெரிந்ததனால்தான் மனிதன் ஆகாய விமானம் செய்தான். எருமைக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

யார் எதை ரசித்தார்கள்?

நிற்க, இந்தக் கதையை ஆணும் ரசித்தான், பெண்ணும் ரசித்தாள். இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் ரசித்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நாடகக் கொட்டகையில் அல்லி மீசைக்காரர்களையெல்லாம் எடுத்தெறிந்து பேசும்போது ஆண்கள் கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள்? விடிவதற்குள் இவள் கழுத்தில் தாலி ஏறப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். குதிரை எவ்வளவு துள்ளினால் அடக்குகிறவனுக்கு அவ்வளவு பெருமை. அவர்கள் முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் பாதியை ரசித்தார்கள்.

பெண்களோ முடிவை மறந்துவிட்டு முதல் பாதியை ரசித்தார்கள். என்னுடைய பாட்டி இந்தப் புத்தகத்தை வாசிப்பாள். நீன்முகன் தலை விழுகிற இடத்தில் குரல் உயரும். பாம்பாட்டி வருகிற இடத்துக்கு வந்தால், "கண் எரிகிறது, மிச்சம் நாளைக்கு" என்று மூடிவிடுவாள். மறுநாள் எடுத்தால் அல்லிப் பூவிலிருந்து ஆரம்பிப்பாள். பாம்பாட்டி அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. என் பாட்டி எந்தக் கூட்டத்துக்கும் போனவளல்ல. பெண்ணுரிமை என்கிற வார்த்தையையே கேட்டிருக்கமாட்டாள். ஆனாலும் எந்த இடத்தில் புத்தகத்தை மூட வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சமையற்கட்டும் கிணற்றடியும் தவிர வேறு உலகம் காணாத பெண், "வேண்டாம்" என்று சொல்லுகிற ஒரு பெண்ணைக் கதையிலாவது பார்த்துச் சந்தோஷப்படுவது குற்றமா? அவள் வாழ்க்கையில் எந்தக் காரியத்துக்கு அவளை "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்டோம்? கதை ஒன்றுதான் அவளைக் கேட்டது.

வசவாகிப்போன ராஜ்யம்

நம் பாஷையில் "அல்லி ராஜ்யம்", "அல்லி தர்பார்" என்று வழங்குகிறதே, அதைக் கவனித்தீர்களா? ஒரு வீட்டில் பெண் கணக்கு வழக்குப் பார்த்தால் அது அல்லி ராஜ்யம். ஒரு பெண் அதிகாரி பத்து மணிக்கு வரவேண்டியவனைப் பத்து மணிக்கு வரச் சொன்னால் அது அல்லி தர்பார். கதையிலே அல்லி செய்த அக்கிரமமென்ன? பறிபோன ராஜ்யத்தை மீட்டாள், ஆண்டாள், இஷ்டமில்லாத கலியாணத்தை மறுத்தாள். இவ்வளவுதானே! இவளுடைய பெயர் வசவாகிவிட்டது. தூங்குகிறவள் கழுத்தில் திருட்டுத்தனமாய்த் தாலி கட்டினவனுடைய பெயரை மட்டும் பிள்ளைகளுக்கு ஆசையாய் வைத்துக் கூப்பிடுகிறோம். இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

அல்லி மட்டுமல்ல. திருவிளையாடற் கதையில் தடாதகை திக்குவிஜயம் செய்து எல்லோரையும் ஜெயித்தவள். புருஷனாகப் போகிறவனைக் கண்டதும் அவளுடைய மூன்றாவது ஸ்தனம் மறைந்துபோயிற்றாம். வீரமும் அதோடு மறைந்ததென்று நாம் அர்த்தம் செய்துகொள்ள வேண்டியதுதான். பெண்ணுக்குத் துணிச்சல் என்பது கலியாணம் ஆகிறவரையில் இருக்கிற ஒரு வியாதி, தாலி அதற்கு மருந்து என்பதே இக்கதைகளைக் கட்டினவர்களுடைய எண்ணம்.

காதல் வேண்டாமா?

இப்படிச் சொல்வதால் நான் காதல் கதைகளுக்கு விரோதி என்று எண்ணிவிடாதீர்கள். உறுதியுள்ள பெண் காதலிக்கக் கூடாதென்று யார் சொன்னது? "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவள் வாயிலிருந்து வருகிற "வேண்டும்" என்பதற்கல்லவா மதிப்பு? மறுக்க வழியில்லாதவள் சொல்லுகிற சம்மதம் சம்மதமாகுமா? அருச்சுனன் பத்து வருஷம் வாசலில் நின்று, தன் குணத்தைக் காட்டி, அல்லி தானாக மனமிசைந்து, "வா, ஆனால் அரசு என்னுடையது" என்று சொல்லியிருந்தால், அதைவிட இனிப்பான காதல் கதை தமிழில் வேறெது இருக்கும்? பாட்டி புத்தகத்தை மூடியிருக்கவே மாட்டாள்.

ஆகவே ஒரு கதையைச் சோதிப்பதற்கு நான் ஒரு சுலபமான கேள்வி சொல்லுகிறேன். அதில் பாம்பு பேசுகிறதா, பூவில் குழந்தை பிறக்கிறதா என்று கேட்காதீர்கள். அந்தப் பெண்ணைச் சம்மதம் கேட்டார்களா என்று கேளுங்கள். பூவில் குழந்தை பிறப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. தூக்கத்தில் தாலி கட்டினாலும் கலியாணம்தான் என்று நம்புவதாலேதான் நஷ்டம். நம்முடைய சினிமாவில் கதாநாயகன் பலாத்காரமாய்த் தாலி கட்டுவதும், அந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் எத்தனை தடவை வந்திருக்கிறது! அதெல்லாம் அந்தப் பழைய பாம்பு போட்ட குட்டிகள்தான். 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமோ, பலாத்காரத்தாலோ மோசடியாலோ சம்மதம் பெற்ற கலியாணத்தை ரத்துச் செய்யக் கோரலாம் என்கிறது. 1967-ல் நம் மாகாணத்தில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் ஆணும் பெண்ணும் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லிக்கொண்டாலே கலியாணம் செல்லும். அதாவது பெண்ணுக்கும் வாய் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாதது சினிமாக் கொட்டகைதான்.

கனவு முந்தியது, சட்டம் பிந்தியது

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். வங்காளத்தில் ரொக்கையா சகாவத் ஹுசைன் என்று ஒரு முஸ்லிம் பெண்மணி இருந்தார். பின்னாளில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்து நடத்தியவர். அவர் 'சுல்தானாவின் கனவு' என்று இங்கிலீஷில் ஒரு கற்பனைக் கதை எழுதினார். அது 1905-ல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து நடந்த ஒரு மாதர் பத்திரிகையில்தான். அந்தக் கதையில் ஒரு பெண்கள் தேசம். ஆண்கள் வீட்டுக்குள் கோஷா இருக்கிறார்கள். பெண்கள் கலாசாலைகளில் ஆராய்ச்சி செய்து மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து வைத்துப் படையெடுத்து வந்தவனை ஓட்டுகிறார்கள். இதிலே காதல் இல்லை. மாயம் உண்டு, ஆனால் அது விஞ்ஞானம் என்கிற மாயம்.

அந்த தேசத்தில் 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கலியாணம் கூடாதென்று ஒரு விதி. 1905-ல் இதைப் படித்தவன் சிரித்திருப்பான். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. அதற்கே நாட்டில் எவ்வளவு கூச்சல்! 1978-ல் 18 வயதாயிற்று. ஒரு பெண்ணின் கனவை எட்டிப் பிடிக்கச் சட்டம் இத்தனை வருஷமாய் நொண்டிக்கொண்டு வருகிறது. ஆகவே இல்லாத ஒன்றைப் பெண்கள் கதையில் கண்டு மகிழ்வதை வீண் பொழுதுபோக்கு என்று சொல்லாதீர்கள். இல்லை என்று தெரிந்தவளுக்குத்தான் அது ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும்.

நாம் செய்ய வேண்டியது

"கதை படித்தால் பெண் கெட்டுப்போவாள்" என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டுப்போவாள் என்றால் என்ன அர்த்தம்? எதிர்த்துப் பேசுவாள் என்பதுதானே? நியாயமில்லாததை எதிர்த்துப் பேசுவது கெட்டுப்போவதென்றால், இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நாமெல்லோரும் எப்பொழுதோ கெட்டுப்போனவர்கள்தான். ஆணுக்கு வந்தால் சுயமரியாதை, பெண்ணுக்கு வந்தால் திமிரா?

ஆகையால் தோழர்களே, படிப்பகத்து அலமாரியிலிருந்து ஒரு கதையையும் எடுத்து எறிய வேண்டியதில்லை. அல்லியும் இருக்கட்டும், பவளக்கொடியும் இருக்கட்டும், இன்றைக்குப் புதிதாய் எழுதப்படுகிற மாயக் காதல் கதைகளும் இருக்கட்டும். பெண்கள் படிக்கட்டும், ஆண்களும் படிக்கட்டும். படித்தபிறகு மாதம் ஒரு நாள் ஆணும் பெண்ணுமாய் உட்கார்ந்து, அந்தக் கதையின் முடிவு நியாயமா, நியாயமில்லையென்றால் வேறெப்படி முடித்திருக்க வேண்டும் என்று தர்க்கம் செய்யுங்கள். அந்தத் தர்க்கத்தில் பெண்கள் முதலில் பேசட்டும். நாம் குறுக்கே பேசாமல் கேட்போம். அதற்குள் எவனாவது, "இதென்ன அல்லி ராஜ்யமா?" என்று கேட்டால், "ஆம், கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கட்டும்" என்று பதில் சொல்லுங்கள்.