நீருக்கு விலையா, கொண்டுவரும் கூலியா?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



"முற்றத்துக் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள் நாம், தண்ணீருக்கு ஏன் பணம் கட்டவேண்டும்?" என்று யாழ்ப்பாணத்தில் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும், அந்தக் கிணறு இன்றுள்ள நிலையை முதலில் பார்ப்போம்.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு இது. மாரிமழை சுண்ணாம்புப் பாறையினூடு இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அந்நீரில் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்றாகக் கலந்துவருகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உவர் ஏறிவிட்டது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த அவலத்தை நாடே அறியும்.

ஆகவே குழாய்நீர் வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வகுக்கப்பட்ட திட்டம் முதலில் இரணைமடுக் குளத்தை நாடியது. கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தனர். மழை பொய்த்த ஆண்டில் சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது எதைக் கொடுப்பது என்று அவர்கள் கேட்டதில் தவறென்ன? பின்னர் கடல்நீரே வழியாயிற்று. 2024 ஆகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரவல்லது.

ஆனால் கடல்நீரில் ஒரு கன மீற்றரை நன்னீராக்க ஏறத்தாழ 3 அல்லது 4 அலகு மின்சாரம் செலவாகும். மழைக்கு எவரும் விலை வைக்கவில்லை. சுத்திகரித்து வீடுவரை கொண்டுவருவதற்குக் கூலி உண்டு. அக்கூலியை யார், எவ்வளவு கொடுப்பது என்பதே வழக்கு.

முற்றாக இலவசமாகக் கொடுத்தால், மாளிகைக்காரரின் பூந்தோட்டத்துக்குப் பாயும் நீருக்கு, குழாயே காணாத வன்னிக் கூலியாளும் தன் வரியால் பணம் கட்டுவான். முழுச் செலவையும் அறவிட்டாலோ, ஏழை மீண்டும் கெட்டுப்போன கிணற்றுக்கே திரும்புவான். 2022இலும் 2023இலும் நாடெங்கும் நீர்க்கட்டணம் உயர்ந்தபோது ஏழைக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. குடிநீர் மனித உரிமை என்று 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. உரிமை என்றபின், பணமில்லாதவனின் குழாயைப் பூட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

எனவே நாம் கேட்பவை இவை. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வேண்டிய நீர், ஏழையும் கட்டக்கூடிய சிறு கட்டணத்தில் கிடைக்கவேண்டும். மிகையாகப் பாவிப்போர் மிகையாகக் கொடுக்கவேண்டும். புதிய இணைப்புக்கான பணத்தைத் தவணை முறையில் செலுத்த வசதி வேண்டும். நீர் வழங்கல் சபையின் வரவுசெலவும், குழாய்களில் ஒழுகி வீணாகும் நீரின் அளவும் தமிழில் மக்கள் முன் வைக்கப்படவேண்டும். ஒழுக்கின் நட்டத்தை மக்கள் தலையில் சுமத்தலாகாது.

உங்களிடமும் ஒன்று கேட்கின்றேன். குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிடாதீர்கள். கமக்காரரே, உரத்தை அளந்து இடுங்கள். உத்தியோகத்தரே, மலக்குழியைக் கிணற்றுக்கு எட்டவே அமையுங்கள். நிலத்தடி நீர் முற்றாகக் கெட்டுவிட்டால், அதன்பின் கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இராது.