மறதி நோயும் நம் சாப்பாட்டுத் தட்டும்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஞாபகசக்திக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன். மறதி நோயைத் தடுக்கும் தனிப் பொருள் எதுவும் இல்லை. வல்லாரை நல்ல கீரைதான், துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ‘மெமரி’ மாத்திரை என்று விற்பதற்கு மாதாமாதம் பணம் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களை 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் நான்கும் அதில் உண்டு. மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களை வருடக்கணக்கில் கெடுப்பவை இவை. சாப்பாடு மூளைக்கு உதவுவது பெரும்பாலும் இவற்றைக் கட்டுக்குள் வைப்பதன் மூலம்தான்.

அமெரிக்காவில் கீரை, பயறு, கொட்டைகள், மீன் நிறைந்த ‘மைண்ட்’ உணவுமுறையை 604 பேரிடம் 3 ஆண்டுகள் சோதித்தார்கள். 2023இல் வந்த முடிவில், வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 3 ஆண்டு போதாது என்பது என் எண்ணம். சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படிகளை மூச்சு வாங்காமல் ஏறும் வயதிலேயே தொடங்க வேண்டிய வேலை இது.

அதற்குப் பாதாமும் ப்ளூபெர்ரியும் வேண்டாம். செஞ்சிப் பக்கத்து மல்லாட்டையே போதும். வேகவைத்து ஒரு கைப்பிடி. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசியாகவே போகிறது. இரண்டு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலோ சுண்டலோ வையுங்கள். உப்பு, ஊறுகாய் கருவாடு அப்பளம் எல்லாம் சேர்த்து, நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று. வீட்டுப் பெரியவர் மறக்க ஆரம்பித்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். காலத்தோடு பார்த்தால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. பி12 பால், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது, காய்கறியில் இல்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் குறைய வாய்ப்பு அதிகம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது, பி12ஐயும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.