உலாவிக்குத் துணைநிரல்



மரம் சீவும் கத்தி எல்லாரும் ஒரே கடையில் வாங்குவதுதான். ஆயினும் பிறர் கத்தியைக் கொடுத்துச் சீவச் சொன்னால் உங்களில் எவரும் விரும்பமாட்டீர்கள். அவரவர் கைக்கு ஏற்றவாறு தீட்டி வைத்திருப்பதே அதற்குக் காரணம். கைப்பேசியில் இணையத்தைப் பார்க்க உதவும் உலாவியும் அத்தகையதே. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் முதலியவை உலாவிகளாகும். துணைநிரல் எனப்படும் சிறு நிரல்களைச் சேர்த்து, உலாவியை நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இதற்கென ஓர் உரை வேண்டுமா எனச் சிலர் வினவலாம். தோட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறைகள் இரண்டு. மாதத் தொடக்கத்தில் வாங்கிய டேட்டா மாத நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது ஒன்று. செய்தி படிக்கையில், "உங்கள் கைப்பேசியில் வைரஸ் புகுந்துவிட்டது, இங்கே தொடுக" எனத் திடீரென விளம்பரம் தோன்றுகிறது என்பது மற்றொன்று. அவ்வாறு தொட்ட தாயார் ஒருவரிடம் வங்கிக் கடவுச்சொல் கேட்கப்பட்டது. பள்ளி செல்லும் மகன் அருகிலிருந்து தடுத்திராவிட்டால், அவனுடைய படிப்புக்கென அவர் சேர்த்த பணம் பறிபோயிருக்கும்.

இவ்விரு குறைகளையும் பெரிதும் குறைப்பது யூபிளாக் ஆரிஜின் என்னும் துணைநிரல். அதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரம் கைப்பேசிக்குள் இறங்குமுன்பே அது தடுத்துவிடுவதால், அந்த அளவுக்கு டேட்டாவும் மிச்சமாகிறது. ஆனால் அது சேர்க்கப்பட்ட உலாவிக்குள் மட்டுமே வேலை செய்யும். முகநூல், டிக்டாக் செயலிகளில் வரும் விளம்பரங்களை அது தடுக்காது. மோசடிப் பக்கங்கள் யாவற்றையும் அது அறியும் என்றும் எண்ணிவிடலாகாது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியிலுள்ள குரோம் துணைநிரல்களை ஏற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும், 2023 டிசம்பரில் நூற்றுக்கணக்கான துணைநிரல்களுக்கு அது கைப்பேசியில் வழிதிறந்தது. அதனைப் பிளே ஸ்டோரிலிருந்து நிறுவி, மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும் பட்டியலில் துணைநிரல்களுக்கான பகுதியைக் காணலாம். வேண்டியதன் அருகிலுள்ள கூட்டல் குறியைத் தொட்டால் போதும். ஐபோன் வைத்திருப்போர் சஃபாரி உலாவிக்குரிய துணைநிரல்களை ஆப் ஸ்டோரில் தேடுக.

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படுவோருக்கு டார்க் ரீடரும் உதவும். திரையின் வெண்மையைக் கருமையாக்கிக் கண் கூச்சத்தைத் தணிப்பது அதன் வேலை. மொழிபெயர்க்கும் துணைநிரல்களும் உண்டு. ஆயினும் சம்பளம், சேமநிதி பற்றிய அறிவிப்புகளை மூலமொழியிலும் ஒருவரைக் கொண்டு படித்தறிவதே நன்று, மொழிபெயர்ப்பு பிழைபடக்கூடும்.

துணைநிரலைச் சேர்க்குமுன், அது எதையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது எனத் திரையில் காட்டப்படும். பலர் அதனைப் படிப்பதேயில்லை. எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் பார்க்க யூபிளாக் ஆரிஜினும் அனுமதி கேட்கிறது. பக்கத்தைப் பார்த்தால்தானே விளம்பரத்தை நீக்க முடியும்? எனினும் அதே அனுமதி தீயவர் கையிலிருந்தால், நீங்கள் வங்கித் தளத்தில் எழுதுவதையும் அவர்கள் காண இயலும்.

தோட்டம் கைமாறினால் நடைமுறைகள் மாறுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். துணைநிரல்களும் கைமாறுகின்றன. கணினியின் குரோம் உலாவிக்கென கிரேட் சஸ்பெண்டர் என்னும் பயனுள்ள துணைநிரல் ஒன்று இருந்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தினர். 2020இல் அதனை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் நிறுவனம் அதனை நீக்கியது. பெயர் மாறவில்லை, படம் மாறவில்லை. உரிமையாளர் மட்டுமே மாறியிருந்தார்.

ஆகவே இரண்டு மூன்று துணைநிரல்களுக்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பயன்படாததை உடனே நீக்கிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில், பரிந்துரைக்கப்பட்டது என்னும் முத்திரை பெற்றவற்றையே தேர்ந்தெடுங்கள். அவை பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டவை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பு துணைநிரல் அன்று. அதனைத் திறக்கவே கூடாது.

பணம் பறிபோய்விட்டதாக அறிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், வங்கியையோ 997 என்னும் எண்ணையோ அக்கணமே அழையுங்கள். அது 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ச்செயல் மையத்தின் எண். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு விரைந்து ஓடுவதால் நேரமே இங்கு முக்கியம்.

உரை முடிந்ததும் பின்பக்க மேசையருகே நாங்கள் இருப்போம். கைப்பேசியுடன் வாருங்கள், உங்கள் விரலாலேயே சேர்த்துப் பாருங்கள். கடவுச்சொல்லை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம்.