கார் ஐடிலிங்கில் நடுங்குகிறதா? முதலில் ரப்பர் டியூபைப் பாருங்கள்

(சங்கத்தின் ஞாயிறு காலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னிடம் "கார் பராமரிப்பு பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் சார்" என்றார். அது பெரிய கடல். அதனால் ஒரே ஒரு கோளாறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல், சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்கான பேச்சு இது. டீசல் கார்க்காரர்கள் பிரேக் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கவனித்தால் போதும். எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டவர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

மூன்று மாதத்துக்கு முன் நம் பேஸ்மென்ட் சாய்தளத்தில் என் கார் பாதியில் அணைந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் பெடல் கல் மாதிரி இருக்கிறது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். பின்னால் யாரும் இல்லை. மாலை 5 மணிக்கு அந்த இடத்தில் எத்தனை பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. செக் எஞ்சின் லைட் எரிந்தது. கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், பி0171 என்று கோட் வந்தது. மிக்சர் லீன், அதாவது பெட்ரோலைவிடக் காற்று அதிகம் என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள், இன்ஜெக்டரைக் கிளீன் செய்தார்கள். பில் பதினோராயிரத்துச் சொச்சம். ஒரு வாரத்தில் லைட் மறுபடி எரிந்தது. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றிய கதைதான். கடைசியில் காரணம் என்ன தெரியுமா? பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் டியூபின் முனையில் ஒரு வெடிப்பு.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது, அதற்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. நம் ஹாலில் விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் எழுதிய கணக்குப்படி ஐம்பது இலை போடுகிறார்கள். பின்பக்கச் சுவர் இடிந்த வழியாகப் பத்துப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டால்? சாப்பாடு பற்றாது. அளக்கும் இடத்தைத் தாண்டி ஒரு டியூப் வெடித்திருந்தால் எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். கணக்கில் வராத காற்று.

சரி, ஐடிலிங்கில் மட்டும் ஏன்? ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், கடல் மட்டத்தில், வேக்குவம் கேஜ் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். அந்த உறிஞ்சலில் சின்ன வெடிப்பு வழியாகக்கூடக் காற்று பாய்ந்து வரும். எஞ்சின் எடுக்கும் மொத்தக் காற்றே அப்போது கொஞ்சம்தான் என்பதால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகிவிடுகிறது. வேகமாகப் போகும்போது அதே வெடிப்பு கடலில் கரைத்த பெருங்காயம். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி நல்லாத்தானே இருக்கு சார்" என்பது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை.

இந்த வித்தியாசம்தான் கண்டுபிடிக்கும் வழியும். 2013க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஃபோனில் 'ஃப்யூவல் ட்ரிம்' என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. ஷார்ட், லாங் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு முறை, ஆர்பிஎம்மை 2500இல் பிடித்துக்கொண்டு ஒரு முறை. என் காரில் ஐடிலிங்கில் பிளஸ் 24, 2500இல் பிளஸ் 5. ஐடிலிங்கில் அதிகம், ஏற்றினால் இறங்குகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது. தலைகீழாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து மேடு ஏறும்போது கூடினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

இப்போது இ20 பெட்ரோல் வருவதால் ஒரு வார்த்தை. எத்தனால் எரியக் குறைவான காற்று போதும், அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் விட வேண்டும். பழைய கார்களில் அதனாலேயே ட்ரிம் சில சதவீதம் பிளஸில் நிற்கலாம். ஆனால் அது ஐடிலிங்கிலும் 2500இலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொன்று. பல சின்ன கார்களில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்தக் கார்களில் லீக் இருந்தால் லீன் கோட் வராமல், ஐடிலிங் ஆர்பிஎம் மட்டும் ஏறி நிற்கலாம். பிரேக்கில் கால் வைத்தும் வண்டி முன்னே தள்ளுகிறது என்று சிலர் சொல்வீர்களே, அப்போது இதையும் சந்தேகப்படலாம்.

எங்கே தேடுவது? முதலில் கண்ணால். எஞ்சின் அணைந்து ஆறிய பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு ரப்பர் டியூபையும் முனையில் லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் இருக்கும், நேராகப் பார்த்தால் தெரியாது. ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் பெரிய குழாயின் மடிப்புகளுக்குள்ளும் பாருங்கள். எஞ்சின் ஆயில் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி டியூப் எண்ணெய் பட்டு ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம், டிப்ஸ்டிக் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். நம் கட்டிடத்தில் கூடுதலாக ஒரு எதிரி, எலி. பி பிளாக் குப்பை அறைக்குப் பக்கத்தில் நிற்கும் கார்களில் மூன்றில் பல் தடம் பார்த்துவிட்டேன். கமிட்டி அந்தக் கதவுக்கு ஒரு தகடு அடித்துக் கொடுத்தால் புண்ணியம்.

அடுத்து காதால். எஞ்சினை ஓடவிட்டு, ஓரடி நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறு முனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் அந்த இடத்தில் கூடும். பிறகு சின்ன டியூப்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது நடுக்கம் நிற்கிறதோ அந்த வழியில் கோளாறு. பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டாலும் இப்படித்தான் தெரியவரும். டியூப் நன்றாக இருக்கும், வால்வுதான் மூடாது.

இதைப் பேஸ்மென்ட்டில் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. விசிட்டர் பார்க்கிங்கில், வெட்டவெளியில் செய்யுங்கள். துப்பட்டா, வேஷ்டி, தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம். எஞ்சின் சூடானால் ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். கார்ப் கிளீனரை ஸ்ப்ரே செய்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. பலன் தரும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் திரவம், கீழே சுடச்சுட எக்ஸாஸ்ட் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை, யாருக்கும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. வீட்டில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துப் போங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகை விடுவார்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும். கேஸ்கெட் லீக்குக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது பிரேக். டீசல்காரர்களும் திரும்பி வாருங்கள். உங்கள் வண்டியில் வேக்குவம் பம்ப் மூலம் வருகிறது என்பதைத் தவிர விஷயம் ஒன்றுதான். பெடலை மிருதுவாக்குவது பூஸ்டர், அதை இயக்குவது இந்த வேக்குவம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கடினமாகிவிடும். அப்படியே மிதித்த காலோடு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் பிரேக்கை அழுத்தும்போது காலடியில் சீறும் சத்தம் கேட்டாலோ எஞ்சின் நடுங்கினாலோ பூஸ்டரையே சந்தேகப்படுங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் சாய்தளத்துக்குப் போகும் முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

மாற்றும்போது சிக்கனம் பார்க்க வேண்டாம். பிரேக் பூஸ்டர் டியூபை அந்தக் காருக்கானதாகவே, உள்ளே இருக்கும் ஒருவழி வால்வோடு வாங்குங்கள். எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பிசிவிக்குத் தண்ணீர் டியூப் போட்டால் எண்ணெய் பட்டு ஊதிவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு வாரம் தாங்கும். மாற்றிய பின் கோடை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டி, ட்ரிம்மை மறுபடி பாருங்கள். எனக்கு ஐடிலிங்கில் பிளஸ் 3க்கு வந்து நின்றது.

ஓபிடி கருவியை செக்யூரிட்டி அறையில் கொடுத்து வைத்திருக்கிறேன். நோட்டில் ஃபிளாட் எண்ணை எழுதிவிட்டு எடுத்துப் போங்கள், மறுநாள் திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். முதலில் பிரேக் டெஸ்ட், பிறகு மற்றவை.