அடுப்பு நெருப்பும் ஓர் அமானிதம்

(மஹல்லா பெண்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கேஸ் வந்துவிட்ட காலத்தில் விறகடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை எடுக்கப் பணமில்லாத வீடுகள் நம் மஹல்லாவிலேயே உண்டு. வெந்நீருக்கு இன்றும் விறகுதான்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரியின் மனு வந்தது. இரவில் அடுப்புச் சாம்பலை அள்ளிச் சாக்கில் கட்டி, ஓலைத் தட்டியோரம் வைத்திருக்கிறார். உள்ளே கங்கு அணையவில்லை. அல்லாஹ்வின் அருளால் உயிர்கள் தப்பின. மகள் நிக்காஹ்வுக்குச் சேர்த்த துணிமணிகளும் ரேஷன் கார்டும் எரிந்துபோயின. நாங்கள் உதவித்தொகை கொடுத்தோம். ஆனால் மாதந்தோறும் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோன நாங்கள், ஒருநாளும் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததில்லை. அந்தக் குறை எங்களுடையது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்த செய்தி வந்தபோது, நெருப்பைப் பகையாகக் கருதி உறங்குமுன் அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஸஹீஹ் புகாரியில் இது பதிவாகியுள்ளது.

அதன்படி சில காரியங்களைச் செய்வோம். நன்கு காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர விறகு புகையைத்தான் தரும். பிளாஸ்டிக்கும் பெயிண்ட் அடித்த பலகையும் அடுப்புக்கு ஆகாது, அவற்றின் புகை நஞ்சு. எரியும் அடுப்பில் ஒருபோதும் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ஸஹர் நேரத்தில் தூக்கக் கலக்கம் இருக்கும். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலான் துணி உருகி உடம்போடு ஒட்டிவிடும். கைப்பிள்ளையை அடுப்பருகே விடாதீர்கள்.

புகை போக வழி வையுங்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் தாக்காமலிருக்க அறையைச் சாத்தித் தணல்சட்டி வைப்பது பெரிய ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலி, மயக்கம் என்றால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

சமையல் முடிந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். மறுநாளும் உள்ளே கங்கு இருக்கக்கூடும்.

தீப்புண்ணில் இங்க், பேஸ்ட், மாவு எதையும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பெரிய காயமென்றால் 108, தீப்பிடித்தால் 101.

தகர வாளி இல்லாத வீட்டார் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இனி அரிசி கொண்டுவரும்போது அடுப்பங்கரையையும் பார்ப்போம். தவறாக எண்ண வேண்டாம்.

அல்லாஹ் நம் வீடுகளை இம்மையின் நெருப்பிலிருந்தும், நம்மை மறுமையின் நெருப்பிலிருந்தும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.