விளையாட்டுக்குப் பூட்டு வேண்டாம்

(திருகோணமலைக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களிடையே, துறைமுகத்தை அடுத்த மண்டபமொன்றில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் கோணேசர் கோயிலில் கும்பிட்டோம். பிறகு துறைமுகப் பக்கம் போய்க் கப்பலைப் பார்த்தோம். அங்கே நம்ம பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு கேள்வி கேட்டான். "சார், இம்மாம் பெரிய கப்பலை ஓட்டப் பழகும்போது எங்கேயாவது மோதிட்டா என்ன செய்வாங்க?" நல்ல கேள்வி. இன்றைக்கு நான் பேச வந்த விஷயமும் அதுதான்.

கப்பலோட்டப் பழகுபவனை முதல் நாளே கப்பலில் ஏற்றிச் சுக்கானைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு அறைக்குள் கப்பலின் மேல்தளம் மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். சன்னல் இருக்கிற இடத்தில் திரை. அந்தத் திரையில் கம்பியூட்டர் கடலைக் காட்டும், மழையைக் காட்டும், எதிரே வருகிற கப்பலையும் காட்டும். அவன் மோதினாலும் நஷ்டமில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம். ரேடார் பார்க்கிற பயிற்சியை இப்படிப் பாவனைக் கருவியில் பெற்றே ஆகவேண்டும் என்று கப்பலோட்டிகளுக்கான சர்வதேச விதிகளில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இது ஆரம்பித்த கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அவருடைய தகப்பனார் பியானோ, ஓர்கன் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். ஓர்கனுக்குக் காற்றடிக்கிற துருத்தி இருக்கிறதல்லவா, அதையே வைத்து 1929இல் லிங்க் ஒரு சின்ன விமானம் செய்தார். பறக்காது. உட்கார்ந்து கம்பை ஆட்டினால் சாயும், திரும்பும், அவ்வளவுதான். விமானப் பள்ளிக்கூடங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களியாட்டப் பூங்காக்கள்தான் காசு போட்டு ஏறுகிற விளையாட்டுச் சாமானாக வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவம் விமானத் தபால் வேலையைப் பொறுப்பெடுத்தது. மோசமான காலநிலையில் பறக்கத் தெரியாமல் சில வாரங்களிலேயே பல விமானிகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் இராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகள் வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்த விளையாட்டுச் சாமானில்தான் பழகினார்கள்.

இது நமக்கும் புதிதில்லை. லயத்து வாசலில் நம்ம பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் பழைய சீமெந்துப் பையைத் தொங்கவிட்டு வேலித் தழையைக் கிள்ளுகிறார்கள். ஒருவன் கங்காணியாகிப் பெரட்டுப் போடுகிறான். இன்னொருத்தி கம்பில் சிரட்டையைக் கட்டித் தராசு என்று கொழுந்து நிறுக்கிறாள். "நிறையிலே வெட்டாதே" என்று சண்டையும் நடக்கிறது! அந்தச் சண்டையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம் பேசுவதைக் கேட்டு, விளையாடி, பிள்ளை கணக்கும் படிக்கிறது, நியாயமும் படிக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பியூட்டர் அறையைப் பற்றிப் பெற்றோர் சிலர் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் தந்திருக்கிறீர்கள். "பிள்ளைகள் படிக்கவில்லை, கேம் விளையாடுகிறார்கள். அதை நிறுத்துங்கள்" என்று. உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது, இருந்த நகையை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சிக்னல் தேடி மேட்டு மலைக்குப் போன பிள்ளைகள் இன்றைக்கு அதே போனைக் கட்டிக்கொண்டு மூலையில் கிடந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பு ஒரு தரம் நானே எல்லா விளையாட்டையும் அழித்துவிட்டு, தட்டச்சுப் பாடம் மட்டும் வைத்தேன். என்ன ஆனது? மூன்றாம் கிழமை அறையில் நானும் காவல்காரரும்தான். பிள்ளைகள் வரவே இல்லை. அது என் பிழை.

டெல்லியில் நடந்ததைக் கேளுங்கள். 1999 ஜனவரியில் சுகத மித்ரா என்பவர் கல்காஜி என்ற இடத்தில், தன் அலுவலகத்து மதிலில் ஓட்டை போட்டு ஒரு கம்பியூட்டரைப் பதித்து வைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சேரி. வாத்தியார் இல்லை. சேரிப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தாங்களாகவே பழகிவிட்டார்கள். ஆங்கிலம் தெரியாததால் தாங்களே பெயரும் வைத்தார்கள். திரையில் நகருகிற அம்புக்குறிக்கு 'ஊசி' என்று பெயர். வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லி வருகிற மணற்கடிகாரப் படத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'டமரு'. சிவபெருமான் கையில் இருக்கிற உடுக்கைதான்!

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பெட்டியை வைத்தால் போதும், பிள்ளைகள் தானாய்ப் படித்துவிடும் என்று நினைக்கக்கூடாது. பிறகு போய்ப் பார்த்தவர்கள் வேறு சங்கதியும் எழுதினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் படம் கீறுவதும் விளையாடுவதுமாகவே இருந்தார்கள். அவர்களுடைய பாஷையில் படிக்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. பெரிய பையன்கள் முன்னால் நின்றுகொண்டு பெண்பிள்ளைகளைப் பின்னால் தள்ளினார்கள். இந்தக் கடைசிச் சங்கதி நம்ம அறையிலும் நடக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே எந்த விளையாட்டு என்பதுதான் கேள்வி. சுட்டுக்கொண்டே போகிற விளையாட்டும், அடுத்த கட்டத்துக்குப் போகக் காசு கட்டு என்கிற விளையாட்டும் நமக்கு வேண்டாம். அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் டக்ஸ் பெயிண்ட் என்று சின்னப் பிள்ளைகள் படம் கீறுவதற்கு ஒன்று இருக்கிறது. இலவசம், இன்டர்நெட் வேண்டாம், தமிழிலும் வைக்கலாம். ஸ்கிராட்ச் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்டார்கள். அதில் பிள்ளை விளையாடுவதோடு நிற்காது, கட்டைகளை அடுக்குவது போல அடுக்கித் தானே ஒரு விளையாட்டைச் செய்யும். அதைச் செய்யக் கணக்கு வேண்டும், ஒழுங்கு வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இன்னொன்று பெட் என்பது. நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் என்ற விஞ்ஞானி 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. திரையில் பற்றரி, வயர், பல்ப் இருக்கும். பிள்ளை இணைத்துப் பார்க்கலாம். பிழையாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு வயரிலிருந்து அடுத்த காம்பராவுக்குக் கரண்ட் இழுத்து, கூரை எரிந்த கதைகள் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏன் எரிகிறது என்பதை நம்ம பிள்ளை கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். விஞ்ஞானகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு இது பெரிய காரியம்.

ஊர் திரும்பியதும் நான் செய்யப்போவது இது. சனிக்கிழமை காலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும். பிற்பகல் சின்னவர்களுக்கு, பெரியவர்களுக்கு ஞாயிறு. எந்த விளையாட்டு இருக்கலாம் என்ற பட்டியலை நான் தனியாகப் போட மாட்டேன். இரண்டு தாய்மார், ஒரு தகப்பனார், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சேர்ந்து போடட்டும். கையெழுத்து வைத்தவர்களிலிருந்தே ஆள் வேண்டும். "எனக்கு அது தெரியாதே சார்" என்று சொல்லவேண்டாம். உங்கள் பிள்ளையை உட்கார வைத்து "இதிலே என்ன செய்யிறே, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். காட்டத் தெரிந்தால் அந்த விளையாட்டு பட்டியலில் இருக்கட்டும்.

பெயர் தர விரும்புகிறவர்கள் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள். பஸ் நாலு மணிக்கு.